கல்லடையாற்றின் கூடவே நான்கு நாள்

முதல் நாள்: தென்காசியிலிருந்து தென்மலை வரை

என் தாத்தா செங்கோட்டை – கொல்லம் மீட்டர்கேஜ் பாதையில் கேங்மேனாக வேலை பார்த்தவர். ஆரியங்காவுக்கு மேற்கே இடப்பாளையத்தில், தண்டவாளத்தை ஒட்டியிருந்த ரயில்வே குவார்ட்டர்ஸில்தான் அம்மா தம் பத்து வயது வரை வளர்ந்தார். மழைக்காலத்தில் மலைச்சரிவு இடிந்து மண் பாதையை மூடிவிட்டால், தாத்தாவும் அவருடைய ஆட்களும் இரவெல்லாம் மண்வெட்டியும் இரும்புச் சட்டியுமாக நின்று அதை அள்ளி, கீழே ஓடும் ஆற்றுப் பக்கம் தள்ளுவார்களாம். அந்த மண்ணெல்லாம் எங்கே போகும் என்று சிறுமியாக இருந்த அம்மா கேட்டதற்கு, கடலுக்குப் போகும் என்று தாத்தா சொல்லியிருக்கிறார்.

இப்போது அம்மாவுக்கு 73 வயது. போன மாதம் ஒரு நாள் ராத்திரி, சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தவர், "அந்தத் தண்ணி எங்க போயி முடியுதுன்னு நான் ஒரு தடவகூடப் பாத்ததில்லட்டி" என்றார். தம்பியிடம் கார் இருக்கிறது, எனக்கு நான்கு நாள் விடுப்பும் கிடைத்தது. கல்லடையாறு பிறக்கும் மலையிலிருந்து, அது கடலையொட்டிய நீர்ப்பரப்பான அஷ்டமுடிக் காயலில் சேருமிடத்தில் உண்டாக்கி வைத்திருக்கும் மன்றோ துருத்து என்ற தீவு வரைக்கும் ஆற்றின் கூடவே போய்வருவது என்று முடிவு செய்து, கார்த்திகை மூன்றாம் வாரத்தில் இன்று காலை தென்காசியிலிருந்து புறப்பட்டோம். அன்றன்று பார்த்ததை அன்றன்று இரவே எழுதிப் பதிவிடுவதாக இருக்கிறேன்.

தென்காசியைத் தாண்டிச் செங்கோட்டைக்குப் போகும் வழியில் பிரானூர் பார்டர் என்று ஓர் இடம் உண்டு. பரோட்டாவுக்கும் நாட்டுக்கோழிக்கும் பெயர்போன இடம் என்பதால் குற்றாலத்துக்கு வருகிறவர்கள் பலருக்கும் அது தெரிந்திருக்கும். ஆனால் அங்கே நின்று சுற்றிலும் பார்த்தால் எந்த எல்லையும் கண்ணில் படாது. கேரள எல்லை அங்கிருந்து மேற்கே மலையின் மேல் இருக்கிறது. மொழிவழி மாநிலங்கள் அமைக்கப்பட்ட 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர் – கொச்சியைச் சேர்ந்திருந்தது, சென்னை மாநிலம் பிரானூரோடு முடிந்தது. எல்லை மலையேறிப் போய் எழுபது வருஷம் ஆகப் போகிறது. பெயர் மட்டும் பழைய இடத்திலேயே இருக்கிறது. செங்கோட்டைக்குள் நுழையும் வளைவில் திருவிதாங்கூரின் சங்கு முத்திரை இன்னும் இருப்பதை அம்மா காரை நிறுத்தச் சொல்லிப் பார்த்தார். அந்த 1956இல் தாத்தாவின் சொந்த ஊரான புளியரை கிழக்கே வந்துவிட்டது, அவர் வேலை பார்த்த இடப்பாளையம் கேரளத்திலேயே நின்றுவிட்டது. வீட்டில் ஒரே இரவில் இரண்டு மாநிலம் உண்டாகிவிட்டதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்றும், மாதாமாதம் புளியரையிலிருந்து வரும் அரிசி மூட்டை மட்டும் சோதனைச் சாவடியில் நின்று வந்தது என்றும் அம்மா சொன்னார்.

புளியரையில் சாலையின் இரு பக்கமும் வயல், அதன் பின்னால் சுவர் எழுப்பியது போல மலை. ஜூன் மாதத்திலிருந்து குற்றாலத்துக்கும் தென்காசிக்கும் சாரலைக் கொண்டுவரும் தென்மேற்குக் காற்று, மலைத்தொடர் தாழ்ந்து வழிவிடும் இந்த ஆரியங்காவுக் கணவாய் வழியாகத்தான் நுழைகிறது. காற்று வரும் வழியிலேயே சாலையும் ரயிலும் போகின்றன. சோதனைச் சாவடிக்கு முன்னால் காய்கறி லாரிகளும் வைக்கோல் லாரிகளும் வரிசையாக நிற்க, அவற்றுக்கு இடையே சபரிமலைக்குப் போகும் வேன்கள் சரண கோஷத்தோடு நுழைந்து நுழைந்து முன்னேறின. கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிக் கோட்டைவாசலைத் தாண்டிய ஐந்து நிமிஷத்திலேயே காற்றின் மணம் மாறிவிட்டது. கிழக்கே ஈர மண்ணும் வைக்கோலும் கலந்த வாசனை. மேற்கே இலை மக்கிய வாசனை.

ஆரியங்காவு சாஸ்தா கோயில் சாலையைவிடப் பள்ளத்தில் இருக்கிறது, படியிறங்கித்தான் போக வேண்டும். குளத்தூப்புழையில் பாலகனாக இருக்கும் ஐயன் இங்கே மணக்கோலத்தில் இருப்பதாக ஐதீகம். மார்கழியில் நடக்கும் திருக்கல்யாணத்துக்கு மதுரையிலிருந்து சௌராஷ்டிர சமூகத்தார் பெண் வீட்டாராக வந்து சீர் செய்வது இன்றும் தொடர்கிறது. பிரகாரத்தில் கேட்டது பாதித் தமிழ், பாதி மலையாளம். பிரசாதம் வாங்கும் இடத்தில் ஒரு பெரியவர் அம்மாவிடம் மலையாளத்தில் கேட்க, அம்மா தமிழில் பதில் சொல்ல, இரண்டு பேருக்கும் அது வேறு வேறு மொழி என்ற நினைப்பே இருந்ததாகத் தெரியவில்லை.

பாலருவிக்கு நெடுஞ்சாலையிலிருந்து வனத்துறை வண்டியில்தான் போக முடியும். சுமார் 300 அடி உயரத்திலிருந்து பாறைகளில் தட்டித் தட்டி, பெயருக்கேற்பப் பால் போலவே விழுகிறது. குற்றாலத்தின் பேரருவியைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு இது அடக்கமான அருவிதான் என்றாலும், காடு மிகவும் நெருங்கி நிற்பதால் எனக்கு இதுதான் அதிகம் பிடிக்கிறது. இந்தத் தண்ணீர் கழுதுருட்டி ஆற்றோடு சேர்ந்து கல்லடையாற்றுக்குப் போகிறது.

இடப்பாளையத்தில் அம்மா வளர்ந்த வீடு இல்லை. 2010இல் மீட்டர்கேஜ் வண்டிகள் நிறுத்தப்பட்டு, பாதை அகலப்படுத்தப்பட்டு, 2018இல்தான் மீண்டும் முழுத் தடத்திலும் ரயில் ஓடத் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் பழைய கட்டடங்கள் பலவும் போய்விட்டன. அம்மா தேடியது வீட்டை அல்ல, ஒரு பலா மரத்தை. அது இருந்தது. அதன் அடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "போதும், வா" என்றார்.

மாலையில் கழுதுருட்டியில் பதின்மூன்று கண் பாலத்துக்கு அடியில் நின்றோம். மலையாளத்தில் கண்ணற என்பார்கள். நாம் பாலத்துக்குக் கண் என்று சொல்வதும் அதுவும் ஒன்றுதான். 1904இல் இந்தப் பாதை திறக்கப்பட்ட காலத்துக் கட்டுமானம் அது, கருங்கல்லும் சுண்ணாம்பும் சேர்த்துக் கட்டியது. கல்லை வருடிப் பார்த்தபோது பாசிக்கு அடியில் உளியின் கோடுகள் விரலுக்குத் தெரிந்தன. சாலை ஒரு பக்கம், பாலம் நடுவில், ஆறு கீழே. இரவு தென்மலையில் தங்கியிருக்கிறோம். வெளியே தவளைச் சத்தம் காதை அடைக்கிறது.

இரண்டாம் நாள்: தென்மலை, குளத்தூப்புழை, புனலூர்

குளத்தூப்புழை ஆறு, செந்துருணி ஆறு, கழுதுருட்டி ஆறு ஆகிய மூன்றும் தென்மலைப் பக்கத்தில் கூடித்தான் கல்லடையாறு என்று பெயர் பெறுகின்றன. அங்கே கட்டியிருக்கும் அணையைக் காலையிலேயே போய்ப் பார்த்தோம். 1986இல் முடிக்கப்பட்ட கல்லடை நீர்ப்பாசனத் திட்டம் இது. இரு கரையிலும் கால்வாய் எடுத்து, கொல்லம் மாவட்டத்துக்கும் அதை அடுத்த மாவட்டங்களுக்கும் தண்ணீர் கொடுக்கிறது. அணைக்குப் பின்னால் ஏரி போல் விரிந்து கிடக்கும் நீர்த்தேக்கத்தைச் சுற்றி 1984இல் அறிவிக்கப்பட்ட செந்துருணி வனவிலங்கு சரணாலயம் இருக்கிறது. செங்குறிஞ்சி என்ற மரத்தின் பெயரால் வந்தது செந்துருணி. தெற்கு மேற்குத்தொடர்ச்சி மலையின் இந்தப் பகுதிக்கே உரிய மரம் அது.

அணைக்கு மேலே தண்ணீர் கரும்பச்சையாக, அசையாமல் இருந்தது. கீழே ஆறு தெளிவாக, கூழாங்கல் தெரிய ஓடியது. முதல் நாள் மழை பெய்த பிறகும் கீழே ஓடும் தண்ணீர் இவ்வளவு தெளிவாக இருப்பதைத் தம்பி பாராட்டிச் சொன்னான். அம்மாவோ, "மழைக்காலத்துல இந்த ஆறு செம்மண் கரைச்ச மாதிரி இருக்குமே, மண்ணெல்லாம் எங்க?" என்று கேட்டார். அங்கே எங்களால் அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை.

குளத்தூப்புழைக் கோயில் படித்துறையில் மீன்களுக்கு இரை போடுவது வழக்கம். அவற்றை ஐயனின் திருமக்கள் என்கிறார்கள், யாரும் பிடிப்பதில்லை. பொரியும் கடலையும் விழுந்ததும் முழங்கை நீளத்து மீன்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறிப் புரள்வதை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

கோயிலிலிருந்து திரும்பும் வழியில் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ஒரு தேநீர்க் கடையில் நிறுத்தியபோது, பெஞ்சில் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்களின் தமிழ் எங்கள் தமிழாக இல்லை, மதுரைத் தமிழாகவும் இல்லை. அவர்களுடைய பெற்றோர் இலங்கையின் மலையகத்திலிருந்து வந்தவர்கள். 1964இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானதன் விளைவாகத் தாயகம் திரும்பிய தோட்டத் தொழிலாளர்களில் ஒரு பகுதியினரைக் குடியமர்த்துவதற்காகவே குளத்தூப்புழையிலும் ஆயிரநல்லூரிலும் ரப்பர் தோட்டங்கள் உருவாக்கப்பட்டன. புனலூரைத் தலைமையிடமாகக் கொண்ட மறுவாழ்வுத் தோட்ட நிறுவனம் அவற்றை நடத்துகிறது. தேயிலை பறித்தவர்கள் இங்கே வந்து ரப்பர் வெட்டக் கற்றுக்கொண்டார்கள். அந்தப் பெண்களில் மூத்தவர் தம் மரத்தை எங்களுக்குக் காட்டினார். பட்டையில் சாய்வாகக் கீறிய கோட்டின் வழியே பால் இறங்கி, கம்பியில் கட்டிய சிரட்டைக்குள் சொட்டுச் சொட்டாக விழுகிறது. மழைத் தண்ணீர் கலக்காமலிருக்க மரத்துக்குப் பாவாடை கட்டியது போல பிளாஸ்டிக் தாள் கட்டியிருக்கிறார்கள். வெட்டு ஒரு நூல் ஆழமாகப் போனாலும் மரத்துக்குக் காயம், ஒரு நூல் குறைந்தாலும் பால் வராது என்று சொல்லி, கத்தி பிடிக்கும் விதத்தை அம்மாவின் கையைப் பிடித்தே காட்டினார். "எங்கம்மாவுக்கு இது கடைசி வரைக்கும் சரியா வரலக்கா" என்று அவர் சொன்னதை எழுதிவைத்துக்கொண்டேன்.

புனலூரில் அம்மாவின் சித்தி மகள் வீடு. சாயங்காலம் அவரையும் அழைத்துக்கொண்டு தூக்குப்பாலத்துக்குப் போனோம். ஆல்பர்ட் ஹென்றி என்ற பொறியாளர் 1877இல் கல்லடையாற்றின் குறுக்கே அமைத்த தொங்குபாலம் இது. செங்கோட்டைப் பக்கத்துச் சரக்கு கொல்லம் துறைமுகத்துக்குப் போவதற்கு ஆறு பெரும் தடையாக இருந்த காலத்தில் இதுதான் வழி திறந்துவிட்டது. பாலத்தை ஜனங்கள் நம்பாததால், யானைகளை மேலே நடக்கவிட்டு, பொறியாளர் தம் குடும்பத்தோடு கீழே படகில் போனார் என்று ஊரில் ஒரு கதை சொல்கிறார்கள். இப்போது மக்கள் நடக்க மட்டும் திறந்திருக்கிறது. பக்கத்திலேயே புதிய பாலம் இருந்தாலும் பழைய பாலத்தின் மரப்பலகைகளின் மேல் நடக்கும்போது காலுக்கு அடியில் உண்டாகும் லேசான நெளிவை அனுபவிக்கவேண்டும். பலகை இடுக்கு வழியாக ஆறு தெரிகிறது. இங்கே அது அகன்று, பழுப்பு நிறம் கொஞ்சம் ஏறி, அவசரமில்லாமல் போகிறது.

மூன்றாம் நாள்: மன்றோ துருத்து

புனலூரிலிருந்து கொட்டாரக்கரை வரை சாலையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நெரிசல், கடைகள், மறுபடி நெரிசல். குண்டறையில் நெடுஞ்சாலையை விட்டு வடக்கே திரும்பிச் சிற்றுமலை வழியாகப் போன பிறகுதான் தண்ணீர் தெரியத் தொடங்கியது. முதலில் தென்னைகளுக்கு நடுவே ஒரு மினுமினுப்பு, பிறகு ஒரு வாய்க்கால், பிறகு எல்லாப் பக்கமும்.

மன்றோ என்பது திருவிதாங்கூரில் பிரிட்டிஷ் ரெசிடெண்டாகவும் திவானாகவும் இருந்த கர்னல் ஜான் மன்றோவின் பெயர். துருத்து என்பது நமக்கு மலையாளச் சொல்லாகத் தோன்றினாலும் அது நம்முடைய பழஞ்சொல்லேதான். ஆற்றிடைக் குறையைத் தமிழில் துருத்தி என்பார்கள். திருவையாற்றுக்குப் பக்கத்தில் திருப்பூந்துருத்தி இருக்கிறதே, அந்தத் துருத்திதான் இது. காவிரிக் கரையில் ஊர்ப்பெயருக்குள் ஒடுங்கிப்போன சொல் இங்கே தினசரிப் பேச்சில் புழங்குவதைக் கேட்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

எட்டுச் சிறு தீவுகள் சேர்ந்தது இந்த ஊர். கல்லடையாறு காயலில் விழும் இடத்தில் வேகம் குறைந்து, தான் சுமந்து வந்த வண்டலை இறக்கி வைத்து இறக்கி வைத்து உண்டாக்கிய நிலம். தீவுகளைப் பிரிக்கும் வாய்க்கால்கள்தான் தெருக்கள். எங்களை ஏற்றிக்கொண்ட படகுக்காரருக்கு அறுபது வயதிருக்கும். தமிழ் நன்றாகப் பேசினார். இளம் வயதில் நான்கு வருஷம் பிரானூரில் மரம் அறுக்கும் மில்லில் வேலை பார்த்தாராம். பிரானூர் என்றதும் அம்மாவுக்கு அவர் சொந்தக்காரராகிவிட்டார். மோட்டார் இல்லாத சிறு வள்ளம். மூங்கில் கழியை ஊன்றி ஊன்றித் தள்ளுகிறார். துருத்துக்கு வர நினைப்பவர்கள் இத்தகைய வள்ளத்தில்தான் போக வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்வேன், ஏனென்றால் பெரிய படகுகள் நுழைய முடியாத வாய்க்கால்களில்தான் ஊர் வாழ்கிறது.

அந்த வாய்க்கால்களின் இரு கரையிலும் வீடுகள் வரிசையாக நிற்கின்றன. மாம்பழ மஞ்சள், பாசிப்பச்சை, வெளிர் நீலம், ஊதா என்று ஒவ்வொரு வீடும் ஒரு நிறம். அந்த நிறங்களெல்லாம் தண்ணீரில் தலைகீழாக விழுந்து, வள்ளம் போகும்போது கலைந்து, கடந்த பிறகு மறுபடி கூடிக்கொள்கின்றன. வாசல் படி முடியும் இடத்தில் வள்ளம் கட்டியிருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கடக்கும் நடைபாலங்கள் மிகத் தாழ்வாக இருப்பதால், அவற்றுக்கு அடியில் போகும்போது வள்ளத்தின் பலகையோடு பலகையாகக் குனிய வேண்டும். அம்மா ஒவ்வொரு பாலத்துக்கும் முன்னாலேயே குனிந்துவிட்டு, தாண்டிய பிறகு சிரித்துக்கொண்டே நிமிர்ந்தார். ஒரு திருப்பத்தில் இரண்டு பெண்கள் ராட்டில் கயிறு திரித்துக்கொண்டிருந்தார்கள். இடுப்பில் நாரைக் கட்டிக்கொண்டு பின்னாலேயே நடந்து போக, விரலிடுக்கிலிருந்து கயிறு பிறந்துகொண்டே வருகிறது. தண்ணீரில் ஊறப்போட்ட கதம்பையின், அதாவது தேங்காய் மட்டையின், வாடை நாஞ்சில் நாட்டில் வரும் அதே வாடை.

இதெல்லாம் அழகு. ஆனால் சற்று நேரத்தில் வேறொன்றும் கண்ணில் படத் தொடங்கியது. அந்த மஞ்சள் வீட்டின் சுவரில், தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு நிறம் உரிந்து, செங்கல் மாவு மாவாக உதிர்ந்திருந்தது. அடுத்த வீட்டிலும் அப்படியே. ஒரு வீட்டில் கதவு நிலையின் கீழ்ப்பாதி தண்ணீருக்குள் நின்றது; உள்ளே யாரும் இல்லை, தரையில் மீன்குஞ்சுகள் திரிந்தன. தென்னைகள் பல மொட்டையாக நின்றன.

வேலியேற்றம் என்று படகுக்காரர் சொன்னார். கடல் ஓதம் காயலுக்குள் ஏறி வருவதை மலையாளத்தில் அப்படிச் சொல்கிறார்கள். நம் கார்த்திகையை ஒட்டி வரும் விருச்சிக மாதத்தில் அது அதிகம். முன்பெல்லாம் வந்த தண்ணீர் சில மணி நேரத்தில் இறங்கிவிடும். இப்போது நாள்கணக்கில் வீட்டுக்குள் நிற்கிறது. அவர் தம் வீட்டுத் தரையை இரண்டு முறை உயர்த்திவிட்டார், இனி உயர்த்தினால் தலை கூரையில் இடிக்கும் என்று கையை வைத்துக் காட்டினார். பிள்ளைகளுக்குச் சம்பந்தம் பேச வருகிறவர்கள் முற்றத்துத் தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். அக்கரையில் இடம் வாங்க முடிந்தவர்கள் போய்விட்டார்கள். 2004 சுனாமிக்குப் பிறகுதான் இவ்வளவு மோசமானது என்று சிலர் சொல்கிறார்கள், ரயில் அதிர்வும் காரணம் என்று சிலர் சொல்கிறார்கள். படகுக்காரர் சொன்னது வேறு.

"வருஷா வருஷம் வெள்ளத்துல மலையிலேர்ந்து எக்கல் வரும், அம்மா. தென்னை மூட்டுல ஒரு சாண் படியும். தீவு தாழ்ந்தது அதுலயே சரியாயிடும். அணை கட்டினதுக்கு அப்புறம் எக்கல் வரவே இல்லை."

எக்கல் என்றால் வண்டல். இளகிய வண்டலால் ஆன நிலம் தன் பாரத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கும். ஒவ்வொரு வெள்ளத்திலும் மேலே புது மண் வந்து படிந்தால்தான் மட்டம் நிற்கும். அந்த மண் அணைக்குப் பின்னால் தங்கிவிட்டது. போதாக்குறைக்கு, ஆற்றுப்படுகையிலிருந்த மணலையும் பல வருஷம் லாரி லாரியாக அள்ளிவிட்டார்கள். மேலிருந்து வரும் நல்ல தண்ணீர் குறைந்ததால் உப்பு உள்ளே ஏறி, தென்னையின் வேரைத் தின்கிறது. அம்மா எதுவும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். நேற்று அணையின் மேல் அவர் கேட்ட கேள்விக்குப் பதில் இங்கே, ஆற்றின் கீழ்க்கோடியில், ஒருவருடைய வீட்டுச் சுவரில் எழுதியிருந்தது. அந்த அணை வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். அதன் கால்வாய்த் தண்ணீரால் விளையும் வயல்களை நேற்றுப் பார்த்துக்கொண்டேதான் வந்தோம். அணையைக் கணக்கிட்டவர்கள் தண்ணீரைக் கணக்கிட்டார்கள், மண்ணைக் கணக்கிடவில்லை. அந்தக் கணக்கில் விடுபட்டவர்களுக்கு இன்னும் ஒன்றும் செய்து முடியவில்லை என்பதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஒரு வரப்பில் வள்ளத்தை ஒதுக்கி இளநீர் வெட்டிக் கொடுத்தார். அம்மா கரையில் குனிந்து, ஒரு தென்னையின் அடியிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தார். மேலே கருஞ்சேறு. உள்ளே கொஞ்சம் தோண்டியதும் செம்பழுப்பு, நடுவே அபிரகம் போல் மின்னும் துகள். "இது எங்க ஊரு மண்ணு" என்று படகுக்காரரிடம் சொன்னார். அவர் சிரிக்கவில்லை. "ஆமா, உங்க ஊரு மண்ணுதான்" என்றார்.

அந்திக்கு வாய்க்காலிலிருந்து வெளியேறித் திறந்த காயலுக்கு வந்தோம். தூரத்தில் ரயில் பாலம் தெரிந்தது. 1988 ஜூலை 8ஆம் தேதி, பெங்களூரிலிருந்து கன்னியாகுமரிக்குப் போய்க்கொண்டிருந்த ஐலண்ட் எக்ஸ்பிரஸின் பெட்டிகள் பெருமண் பாலத்தில் இந்தக் காயலுக்குள் விழுந்து 105 பேர் இறந்தார்கள். நம் ஊர்ப்பக்கத்தார் அதிகம் போகும் வண்டி என்பதால், அன்றைக்கு வீட்டில் வானொலியைச் சுற்றி எல்லாரும் நின்றது எனக்குச் சிறு வயது ஞாபகம். படகுக்காரர் கழியை வள்ளத்துக்குள் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று முதலில் ஓடிவந்து உதவியது இந்தக் கரைகளின் மக்கள்தான்.

இரவு தீவிலேயே ஒரு வீட்டில் தங்கியிருக்கிறோம். வாழையிலையில் பொதிந்து சுட்ட கரிமீனும், சிவப்பரிசிச் சோறும், புளி சேர்த்த மாங்காய்க் குழம்பும் சாப்பிட்டோம். வீட்டுக்காரம்மா படுக்கப் போகும் முன் செருப்புகளையெல்லாம் எடுத்துத் திண்ணை மேல் வைத்தார். காலையில் எழுந்தால் மிதந்து போயிருக்குமாம்.

நான்காம் நாள்: கொல்லம், திரும்பும் ரயில்

விடியற்காலையில் முற்றத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது, அதில் சூரியனும் இருந்தது. வீட்டுக்காரம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அதற்குள் நடந்துபோய்த் துளசிக்கு விளக்கு வைத்தார். மாடமும் உயர்த்திக் கட்டியதுதான்.

கொல்லத்துக்குப் போகும் வழியில் சிப்பி எடுக்கும் வள்ளங்கள் கரையில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. அஷ்டமுடியின் சிப்பிப் பிடிப்பு 2014இல் நிலைத்த மீன்பிடிப்புக்கான சர்வதேசச் சான்றிதழை இந்தியாவிலேயே முதன்முதலாகப் பெற்றது. குஞ்சு பொரிக்கும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை யாரும் எடுப்பதில்லை. அந்தக் கட்டுப்பாட்டை மீனவர்களே காவல் காக்கிறார்கள். காயலைக் காப்பாற்றத் தெரிந்தவர்கள் இங்கே நிறையவே இருக்கிறார்கள்.

கொல்லம் கண்டவனுக்கு இல்லம் வேண்டா என்று மலையாளத்தில் ஒரு பழமொழி உண்டு. கி.பி. 825இல் தொடங்கும் கொல்லம் ஆண்டை நெல்லைப் பக்கத்துக் கல்யாணப் பத்திரிகைகளில் பார்த்தே வளர்ந்த எங்களுக்கு இந்த ஊர் அந்நியமில்லை. ஆனால் நேரம் குறைவு. சிவப்பும் வெள்ளையும் பட்டை போட்ட தங்கசேரிக் கலங்கரை விளக்கத்தைச் சாலையிலிருந்தே பார்த்துவிட்டு, நீண்டகரைப் பாலத்துக்குப் போனோம். காயல் கடலோடு சேரும் அழி அங்கேதான் இருக்கிறது. ஓதம் இறங்கும் நேரம். காயல் தண்ணீர் வெளியே போய்க்கொண்டிருந்தது. கடலின் நீலத்துக்கும் அதற்கும் நடுவே ஒரு கோடு, மெல்லிய பழுப்புக் கோடு. மீன்பிடிப் படகுகள் அந்தக் கோட்டை வெட்டிக்கொண்டு உள்ளே வந்தன. அம்மா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். நான் எதுவும் கேட்கவில்லை.

தம்பி காரில் திரும்பினான். அம்மாவும் நானும் நண்பகல் ரயில் ஏறினோம். புனலூரைத் தாண்டியதும் வண்டி முக்கி முக்கி மலையேறத் தொடங்கியது. கழுதுருட்டிப் பாலத்தின் மேல் போகும்போது கண்கள் தெரிவதில்லை, சாலையும் ஆறும் மட்டும் ஆழத்தில் தெரிகின்றன. இடப்பாளையத்தில் ஒரு வெட்டுப்பாதையில், கையில் பச்சைக் கொடியோடு கேங்மேன் ஒருவர் ஒதுங்கி நின்றார். அவருக்குப் பக்கத்தில் புதிதாக அள்ளிக் குவித்த செம்மண். அம்மா அவருக்குக் கையசைத்தார், அவரும் அசைத்தார்.

ஆரியங்காவைக் கடந்ததும் அம்மா எழுந்து, பெட்டியில் இருந்தவர்களை ஒரு வார்த்தையும் கேட்காமல் ஜன்னல் ஷட்டரை இறக்கினார். எதிரே இருந்தவர் என்னைப் பார்த்தார். நீராவி என்ஜின் ஓடிய காலத்தில் குகைக்குள் நுழைந்தால் பெட்டி முழுக்கப் புகையும் கரித்தூளும் நிறைந்துவிடும் என்பதால், குகை வரும் முன்னால் ஷட்டரை இறக்குவது குவார்ட்டர்ஸ் பிள்ளைகளின் பழக்கம். இப்போது புகை கிடையாது என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் இருந்துவிட்டேன். இருட்டுக்குள் சக்கரச் சத்தம் மாறி, நீண்டு, மறுபடி மாறியது. வண்டி பகவதிபுரம் பக்கம் வெளியே வந்த பிறகு அம்மா ஷட்டரைத் தூக்கினார். மழை பெய்து ஓய்ந்திருந்தது, புளியரை வயல்களில் பிசான நடவு நடந்துகொண்டிருந்தது.